முதல் முடிச்சுக்குப் பிறகு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் வங்கியில் அது இருபது வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும், அதுவும் ஒரே மத்தியானத்தில்.

வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களிடம் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து அனுப்புகிற காலம் போய்விட்டது. இப்போது மனுவில் எழுதியதை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு மனு போட்டவரை ஓர் அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, அரை நாள் பேசவிடுகிறோம். என்ன பேசினாலும் சரி. அவர் தயங்குகிற இடம், சிரிக்கிற விதம், கோபம் வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் இயந்திரத்துக்குப் போகும். மனுவிலிருந்து தகவலையும் பேச்சிலிருந்து குணத்தையும் எடுத்துப் பிசைந்து, அவரைப் போலவே ஒருவரை இயந்திரம் தன்னுள்ளே உண்டாக்கும். அவருக்குக் கடன் கொடுத்து, வீட்டைக் கொடுத்து, கடைசித் தவணை வரைக்கும் இருபது வருஷத்தையும் ஒரே மத்தியானத்தில் வாழவிட்டுப் பார்க்கும். இதற்குப் பெயர் ஒத்திகை.

ஒத்திகையில் இருப்பவருக்குத் தான் ஒத்திகை என்பது தெரியாது. அவருக்குப் பல் வலிக்கும், மழை பெய்யும், மச்சினன் வந்து கைமாற்று கேட்பான். அத்தனையையும் தாண்டி ஒழுங்காகக் கட்டி முடித்தால், வெளியே இருப்பவருக்குக் கடன் உண்டு.

கட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை போயிற்று, வியாபாரம் நொடித்தது என்றால் இயந்திரத்துக்கே புரிந்துவிடும். காரணமே இல்லாமல் ஒருவர் கட்டுவதை நிறுத்தினால் அந்தக் கோப்பு என் மேசைக்கு வரும். என் பெயர் அங்கயற்கண்ணி, ஊர் மதுரை. அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் காது நீளும். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்றால் விடுவேனா?

காரணம் தெரியாத கோப்புகளில் முக்கால்வாசிக்கு மனுவில் சொன்ன பொய்தான் காரணம். ஒருவர் பெரியப்பாவின் மாந்தோப்பைத் தன்னுடையது என்று எழுதியிருந்தார். ஒத்திகையில் பாவம் அந்த மனிதர், மரத்துக்கு எப்போது உரம் வைப்பது என்றுகூடத் தெரியாமல் தோப்பைக் காயவிட்டார். பிரிந்துபோன ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடனுக்காகச் சேர்ந்து வாழ்வதாக எழுதினார்கள். ஒத்திகையில் இரண்டு பேரும் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ஒரு நாய் வாங்கி, அதோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொய் என்று உறுதியானால் கடன் கிடையாது. அதோடு, ஐந்து வருஷத்துக்கு எந்த வங்கியின் படியையும் ஏற முடியாது.

ஆவுடையப்பன் கோப்பில் அந்த மாதிரி எதுவும் கண்ணுக்குப் படவில்லை. திருநெல்வேலிக்காரர், சென்னையில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், முப்பதைத் தாண்டியவர். பெற்றோர் காலமாகிவிட்டார்கள், ஒரே பிள்ளை, அவரை நம்பி யாரும் இல்லை என்று எழுதியிருந்தார். ஒத்திகையில் அவருக்கு நல்ல வேலை, வங்கிக் கணக்கில் பணம், உடம்பில் நோயில்லை. ஆனால் ஒன்பதாம் வருஷம் ஒரு காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

எங்கள் இயந்திரத்தைப் பராமரிக்கிற தீபாங்கர் கொல்கத்தாக்காரன். தமிழை முழுக்க முழுக்க டீக்கடையில் கற்றவன். என் பெயரைச் சொல்ல வராமல் கண்ணி என்று சுருக்கிவிட்டான்.

"கண்ணி மேடம், இந்த ஆளோட ஒத்திகைல மிஷின் ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு. அதான் இன்னாவோ கோளாறு. இன்னொரு தபா ஓட்டி வுட்றேன், சரியாப் பூடும்."

"எந்த இடத்துல?"

"கல்யாணத்துல. ஆளு அப்டியே நின்னுட்டான்."

ஓட்டச் சொன்னேன். கடன் வாங்கி இரண்டாம் வருஷம் நடந்த கல்யாணம். சின்ன மண்டபம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, கெட்டிமேளம் முழங்கியது. ஆவுடையப்பன் பெண்ணின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டுக் கயிற்றின் இரண்டு நுனிகளையும் லேசாக உயர்த்திப் பிடித்தபடி, பெண்ணுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தார். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. கை இறங்கவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிற அளவுக்கு நின்றார். ஐயர் முழங்கையைத் தட்டிய பிறகுதான், தூக்கத்தில் எழுப்பியவர் மாதிரி, மிச்ச முடிச்சுகளைத் தானே போட்டார்.

"பாத்தியா மேடம்? மாட்டிக்கிச்சு."

"மிஷின் மாட்டலடா. உங்க ஊர்ல தாலி கிடையாதா?"

"சிந்தூர் வைப்போம்."

"இங்க தாலிக்கு மூணு முடிச்சு. மாப்பிள்ளை ஒண்ணுதான் போடுவான். மத்த ரெண்டும் அவன் கூடப் பொறந்தவ போடணும். நாத்தனார் முடிச்சுனு பேரு. பொண்ணுக்குப் பின்னாடி நின்னு அவதான் கயித்த வாங்குவா."

தீபாங்கர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆனா இவன் ஒரே புள்ளனு கீதே. அத்தை பொண்ணு, சித்தி பொண்ணு யாராச்சும் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. ஆனா ஒரே பிள்ளையா வளந்தவனா இருந்தா அதை முன்னாடியே பேசி வச்சிருப்பான். இவன் யார்கிட்டயும் சொல்லி வைக்கல பாரு. அங்க ஒருத்தி நிக்கிறானு கைக்கு அவ்வளவு நிச்சயம்."

தகவலில் பொய் சொல்லலாம். இயந்திரம் அதை நம்பி, அக்காவோ தங்கையோ இல்லாத ஓர் உலகத்தையே கட்டிக் கொடுத்துவிடும். ஆனால் குணம் பேச்சிலிருந்து வந்தது. ஒருத்தியோடு பிறந்து வளர்ந்தவனின் குணத்தை, அவள் பிறக்கவே இல்லாத உலகத்தில் கொண்டுபோய் விட்டிருந்தோம்.  இதற்குமேல் என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

ஒத்திகையில் இருப்பவரோடு பேச எங்களுக்கு அனுமதி உண்டு. அவருக்கு அது வங்கியிலிருந்து வருகிற போன். ஒன்பதாம் வருஷத்து ஆவுடையப்பன் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"தவணை கட்டலனுதான கூப்பிடுதீங்க மேடம்? பணம் கணக்குல கெடக்கு, எடுத்துக்கிடுங்க. வீட்டையும் எடுத்துக்கிடுங்க."

"வீடு பிடிக்கலையா?"

"நல்ல வீடு. நானே பாத்துப் பாத்துச் செஞ்சேன். ஒரு மேசைக்கு, ஒரு திண்டுக்கு முனை கெடையாது. அம்புட்டையும் இழைச்சு மழுக்கிட்டேன். குளியல் ரூமுக்கு உள்ள தாப்பா வைக்கல. வீட்டுக்காரி கேப்பா, பிள்ளைகூட இல்லாத வீட்டுல இதெல்லாம் யாருக்குனு. எனக்கே தெரியல மேடம். கூர்மையா ஒண்ண வச்சுட்டு வேலைக்குப் போனா மனசு கேக்காது."

"அவங்க இப்ப எங்க?"

"அவ போயி ரெண்டு வருசமாச்சு. அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். அடுக்களையில பாத்திரம் விழுந்தா எங்கன இருந்தாலும் எந்திச்சு ஓடுவேன். போய்ப் பாத்தா தம்ளர் உருண்டு கெடக்கும். அதுக்குப் பொறவு நெஞ்சு அடங்க வெகுநேரமாகும். எங்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்கீரு, காது வேற யாருகிட்டயோ இருக்குன்னா. சரியாத்தான சொல்லுதா?" ரயில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "வீட்டுல எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சுட்டு, வரவேண்டியவுக வராமலே இருந்தா எப்படி இருக்கும் மேடம்? அப்படி இருக்கு எனக்கு. யாரு வரணும்னுதான் தெரியல."

உங்களுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஒத்திகையில் இருப்பவருக்கு வெளி உலகத்துத் தகவல் எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தீபாங்கர் பார்க்காத மாதிரி இருந்தான். நல்ல பிள்ளை.

மறுநாள் அயனாவரத்தில் ஆவுடையப்பன் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். மூக்கு அப்படியே ஆவுடையப்பன் மூக்கு.

"ஆவுடையப்பன் இருக்காரா?"

"எங்கயோ லிஃப்டு பாதியில நின்னுட்டுனு போயிருக்கான். நீங்க?"

"பேங்க்ல இருந்து வரேன்."

முகம் சட்டென்று மாறியது. "நான் பக்கத்து வீடுங்க. பாலு வாங்கி வைக்க வந்தேன்."

கூடத்து மேசையின் நான்கு முனைகளிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. "அப்ப இதுக்கெல்லாம் துணி சுத்தினது யாரு?"

"அவனுக்குத் தூக்கத்துல நடக்குற வியாதி உண்டு. மோதிக்கிடக் கூடாதுல்லா?"

கண் இமைக்காமல் சொன்னாள். இந்தக் குடும்பத்துக்குப் பொய் தண்ணி பட்ட பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் சுற்றி வளைக்க மனம் இல்லாமல், ஒத்திகைக் கல்யாணத்தை அப்படியே சொன்னேன். முதல் முடிச்சு, உயர்த்திய கை, வெறும் சுவர். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த சாமர்த்தியமெல்லாம் வடிந்துவிட்டது.

"கயித்த நீட்டிக்கிட்டு நின்னுட்டானா?" என்றாள். "கூறுகெட்ட பய. மிச்ச ரெண்டையும் அவனே போட்டானாக்கும்?"

"அவரே போட்டார்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நான் கோமதி. அவன் அக்கா. என்னைய எழுதாதனு சொன்னதே நான்தான். அவன் மேல எதும் நடவடிக்கை எடுத்துறாதீங்க."

கோமதிக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆயுள் முழுக்க மருந்து. "இந்த ஊர்ல நாங்க மாறாத தெரு இல்ல மேடம். போன வீட்டுல மாடிப்படியில வச்சு எனக்கு இழுத்துட்டு. மறுநாளே வீட்டுக்காரம்மா, எம்பேத்திக்குக் கல்யாணம் கூடி வருது, காலி பண்ணிக் குடுத்துருங்கன்னா. எனக்கு இழுத்தா அவ பேத்திக்கு என்ன வந்துச்சு? சொந்தமா ஒரு வீடு இருந்தா ஒருத்தியும் போகச் சொல்ல முடியாதுல்லா. அதுக்குத்தான் இம்புட்டும்."

அப்போது ஆவுடையப்பன் வந்தார். கையெல்லாம் கிரீஸ். என் கழுத்தில் தொங்கிய வங்கி அட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தெரிஞ்சு போச்சுடே," என்றாள் கோமதி.

"எப்படி மேடம்? யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுனேன். இவ பேர ஒரு தடவைகூடச் சொல்லலியே."

கோமதியே சொன்னாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த இடத்தப் பத்தி யோசிக்கவே இல்ல," என்றார் கடைசியில்.

"உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிருந்தா உள்ளயே விட்டுருக்க மாட்டீங்களே மேடம்."

அவர் சொன்னது உண்மைதான். வாழ்நாள் முழுக்க வைத்தியம் தேவைப்படுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், மனுவை ஒத்திகைக்கே எடுக்காமல் திருப்பி அனுப்பு என்பது எங்கள் விதி. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் செலவு அதிகம், ஆகவே தவணை நின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால்தான் என்ன?

தீபாங்கர் தலையைச் சொறிந்தான். "ரூல் இல்லியே மேடம்."

"ரூல் இல்லனுதான் உன்கிட்ட கேக்குறேன்."

கோமதியை வரவழைத்துப் பேசவைத்தோம். மற்றவர்கள் அரை நாள் பேசுகிற அறையில் அவள் சாயங்காலம் வரைக்கும் பேசினாள். வீட்டுக்காரம்மாக்களைப் பற்றி மட்டும் ஒரு மத்தியானம். பிறகு அவளையும் சேர்த்து, உண்மையான தகவலோடு, ஆவுடையப்பனுக்குப் புதிதாக ஓர் ஒத்திகை ஓட்டினோம்.

அந்தக் கல்யாணத்தில் அவர் முதல் முடிச்சைப் போட்டுக் கயிற்றை உயர்த்தியதும் கோமதி லபக்கென்று வாங்கிக்கொண்டாள். "நான் போடுற முடிச்ச நல்லா இறுக்கித்தான் போடுதேன். இனிமே இவன் உன் பாடு," என்று பெண்ணின் காதில் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. வீட்டில் சண்டை இல்லாமல் இல்லை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் மாசக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருநாள் வலிப்பு வந்தபோது அந்தப் பெண்தான் மடியில் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மருந்துச் செலவு கழுத்தை நெரித்தது. நடுவில் லிஃப்ட் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஆவுடையப்பன் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினார். தவணை மட்டும் நிற்கவே இல்லை. இருபதாம் வருஷம் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்து, கோமதியிடம் ரசீதைக் கொடுத்தார். அவள் அதை விசிறியாக்கி விசிறிக்கொண்டாள்.

"இன்னா மேடம் இது," என்றான் தீபாங்கர். "இவனுக்குச் செலவு ஜாஸ்தி, தலவலி ஜாஸ்தி. இவன் கட்றான். அவனுக்கு ஒண்ணுமே இல்ல, அவன் வுட்டுட்டுப் போய்ட்டான்."

"காலி லாரி மேட்டுல எப்படி எகிறும், பாத்திருக்கியா? லோடு இருந்தா எகிறாது."

இரண்டு ஒத்திகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். இந்த மனிதருக்குக் கடன் கொடுக்கலாம், விதியை மாற்றலாம் என்று எழுதினேன். மேலிடம் என் அறிக்கையை மிகவும் மெச்சியது. விதியை மாற்றவும் மாற்றியது. நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் இனி கடனுக்குத் தகுதி உள்ளவர்கள், வட்டியும் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆவுடையப்பன் பழைய விதியின் கீழ் பொய் சொன்னவர். பொய் பொய்தான். ஐந்து வருஷம் படியேறக் கூடாது.

ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டவன் வெளியே நிற்கிறான். எனக்கு வந்த கோபத்தில் மேலிடத்துக்கு மறுபடி எழுதினேன், நேரில் போயும் கத்தினேன். பிரயோஜனம் இல்லை. கடைசியில் நானே போன் செய்து சொன்னேன். எடுத்தவள் கோமதி.

"அஞ்சு வருசந்தானே மேடம்? அதுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்காரியப் பாத்துருவோம்," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவன்ட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க மனச விட்டுராதீங்க," என்றாள். எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள்.

புது விதி வந்த மறுமாசமே புதுப் பொய்யும் வந்துவிட்டது. எங்கிருந்தோ எல்லோருக்கும் படுத்த படுக்கையாகத் தம்பிகளும் பார்வை போன சித்திகளும் முளைத்தார்கள். அப்படி ஒருவருடைய ஒத்திகையைப் பார்த்தேன். மனுவில் மட்டும் பிறந்த தம்பி, கால் வராதவன், உள் அறையில் உட்கார்ந்திருந்தான். தகவலில் இருந்ததால் இயந்திரம் அவனை உண்டாக்கிவிட்டது. அண்ணன் குணத்தில் தம்பி என்று ஒருவன் இல்லவே இல்லை. அண்ணன் கூடத்தில் டிவி பார்த்தபடி சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், விளக்கை அணைத்தார். உள்ளே அந்தப் பையன் "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டான். மறுபடி கூப்பிடவில்லை. தீபாங்கர் ஒத்திகையை அங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான், வெகுநேரம் வரவில்லை.

கோப்பை மூடும்போது பழைய ஒத்திகைகளை அழித்துவிட வேண்டும். ஆவுடையப்பனின் முதல் ஒத்திகையும் அழிக்க வேண்டிய வரிசையில் வந்தது. நாங்கள் நிறுத்தி வைத்த இடத்தில், செங்கல்பட்டில் அதே பெஞ்சில், அந்த மனிதர் இன்னும் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ ஒத்திகைகளை அழித்திருக்கிறேன். இந்த ஒரு தடவை கை வரவில்லை. விதியாவது மண்ணாவது என்று போனைப் போட்டேன்.

"ஆவுடையப்பன், நான் பேங்க்ல இருந்து பேசுறேன். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க வாழ்ந்துட்டு இருக்கிறது நிஜம் இல்ல. நிஜமான ஆவுடையப்பன் வெளிய இருக்கார். அவர் ஒரு பொய் சொன்னதால, உங்களுக்குச் சேர வேண்டிய ஒருத்தங்க சேராமப் போயிட்டாங்க. உங்களுக்கு ஒரு அக்கா உண்டு. கோமதினு பேரு. வலிப்பு உண்டு. மேசை முனையெல்லாம் நீங்க மழுக்கினது அவங்களுக்காக. கல்யாணத்துல நீங்க கயித்த நீட்டினதும் அவங்களுக்குத்தான்."

அவர் தான் நிஜமா பொய்யா என்று கேட்பார், அழுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பெயரை மட்டும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு ரயில் வந்து, நின்று, போயிற்று.

"மேடம்," என்றார், "இப்ப அவ கூட யாரு இருக்கா?"

"நீங்கதான்," என்றேன்.

"அப்ப சரி," என்றார். எழுந்து சட்டையை உதறிவிட்டுக்கொண்டார். "நான் கட்டாம விட்டதையெல்லாம் அவனுக்குக் கணக்கு வச்சிராதீங்க மேடம். அவன் கட்டிருவான்."